காசியின் கேசட்டைக் கேட்டவர்கள்

லியோன்
8.1.1989

அன்புள்ள அக்காவுக்கு,

காசி எழுதுவது. குளிரைத் தவிர இங்கே மற்ற எல்லாம் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் பால்வாடிப் பிள்ளைகள் இன்னும் உன் முந்தானையில்தான் மூக்கைத் துடைக்கிறார்களா?

இதோடு ஒரு கேசட் வருகிறது. துலோன் மாமாவோடு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அக்கா, இது நாங்கள் போட்டது. நாங்கள் என்றால் நாலு பேர். வாரம் முழுக்க ஆளுக்கொரு தொழிற்சாலை, சனி ஞாயிறில் ஒரு கார் ஷெட்டுக்குள் வாசிப்பு. இதற்கு டெத் மெட்டல் என்று பேர். பேரைக் கேட்டுப் பயப்படாதே, யாரும் சாகவில்லை. அதிலும் எங்களுடையது கொஞ்சம் வேறு தினுசு. மொத்தம் ஆறு பாட்டு, இரண்டே நாளில் பதிந்தோம். ஒரு பாட்டு பதினோரு நிமிஷம் ஓடும். தாளம் ஏழில் போய்க்கொண்டே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் ஐந்துக்கு மாறும். நடுவில் எல்லாம் அடங்கி ஒரே ஒரு கிதார் மட்டும் வரும். அப்பாடா என்று நீ உட்காரும்போது மறுபடி இடி விழும். கேசட்டின் பேருக்குத் தமிழில் 'மூன்று ஷிப்டு' என்று அர்த்தம். எந்த மில் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாடுவது நான். பாடுவது என்ன, உறுமுவது. நாலாவது பாட்டில் தமிழ் இருக்கிறது. யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்.

எனக்கு ஓர் உதவி செய். இங்கே கேட்டவர்கள் எல்லாம் இந்த இசையிலேயே ஊறியவர்கள். கேட்டே இராதவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரிய வேண்டும். நீ போகிற வருகிற இடத்தில் எல்லாம் போட்டுக் காட்டி, சொன்னதைச் சொன்னபடி எழுது. எல்லாவற்றையும்விட அப்பாவின் கருத்து வேண்டும். கிளம்பின அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "கொரலுன்னு ஒண்ணு இருக்கறது அடுத்தவனுக்குப் புரியறதுக்குடா." மில் வாசலில் கோஷம் போட்டே பேர் வாங்கினவர், அவர் சொல்லலாம். மூன்று வருஷமாக அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

உன் தம்பி,
காசிலிங்கம்

---

மூலக்குளம்
6.2.1989

அன்புள்ள தம்பி காசிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். கேசட் நசுங்காமல் வந்து சேர்ந்தது. நீ கேட்டபடி ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டாயிற்று. என் மானம் போனதுதான் மிச்சம்.

முதலில் கேசட் கடை சின்னக்கண்ணு. போட்ட உடனே நிறுத்திவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து மிஷினின் ஹெட்டைத் துடைத்தான். மறுபடி போட்டான். மறுபடி துடைத்தான். "இல்லப்பா, பாட்டே அப்படித்தான்" என்றேன். "அக்கா, அந்த நடுவுல வர்ற கிதாரை மட்டும் தனியா பதிஞ்சி வெச்சிக்கவா? அது யாரு, தேன் மாதிரி வாசிக்கறான்" என்று கேட்டான்.

மீன்காரக் கன்னியம்மாள் கூடையை இறக்காமல் நின்றபடியே ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். "யாரையோ வவுறு எரிஞ்சி திட்டறான். நல்லா திட்டட்டும், யாருன்னு கேட்டுச் சொல்லு, நானும் ரெண்டு சேத்துத் திட்டறேன்" என்றாள். பக்கத்து வீட்டுச் சந்திரகலாவின் குழந்தை மூன்றாவது பாட்டில் தூங்கிப் போனது. அவளுக்கு ஒரே ஆச்சரியம், தினம் மாலையில் வந்து போடச் சொல்கிறாள். நோணாங்குப்பத்துப் படகுக்கார அம்மாவாசை, "எஞ்சின் அருமையா ஓடுது. ஆளுக்குத்தான் சளி" என்றார்.

அசந்து போனது ஒருவரைப் பார்த்துத்தான். அப்பாவோடு தறி ஓட்டிய பாவாடை மாமா. மில் சத்தத்தில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது, தெரியுமே. ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "இது நம்ம மில்லு நெசவுக்கட்டு. இந்தா, நாலு தறி ஒண்ணா ஓடுது. இப்ப ஒண்ணுல நூல் அறுந்துபோச்சி, நிறுத்தறான். இந்தா, திரும்ப ஓட்டறான்." தாளம் மாறுகிற இடமெல்லாம் அவருக்கு நூல் அறுகிற இடம். உனக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாலாவது பாட்டில் தமிழ் இருப்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான்.

அப்பா இரண்டு தரம் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சூடாகச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
கமலவேணி

---

மூலக்குளம்
6.2.1989

மதிப்பிற்குரிய ஆதிமூலம் மாமாவுக்கு,

கமலவேணியின் வணக்கம். துலோனில் நீங்களும் அத்தையும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அப்பா அதே மாதிரிதான் இருக்கிறார். ஆபரேஷன் முடிந்து இது மூன்றாவது மாதம். குரல்வளையை எடுத்துவிட்டதால் கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. இருமினால் துணியை அங்கே பிடிக்க வேண்டும். பால்வாடியிலிருந்து ஒரு சிலேட்டு கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், அதில் எழுதித்தான் பேச்சு. மில் வாசலில் மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரல் அது, மாமா. இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுகிறார்.

காசிக்குச் சொல்லக் கூடாது என்று அவர் வாங்கின சத்தியத்தை நான் மீறவில்லை. அவன் குடியுரிமை ஃபைல் முடிகிற வரை அங்கிருந்து நகர்ந்தால் எல்லாம் வீண் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். தெரிந்தால் அவன் ஒரு நாள் நிற்க மாட்டான். அதனால்தான் அப்பா அவனுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. எழுத ஆரம்பித்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று பயம்.

இப்போது புதுத் தொல்லை. அவன் அனுப்பிய கேசட்டை ஆசையாகத்தான் போட்டேன். பாட்டு ஆரம்பித்து அவன் குரல் வந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். சிலேட்டை எடுத்து எழுதினார்: "இவன் தொண்டைல என்னா?" அது பாட்டுப்பா, வேண்டுமென்றே அப்படிப் பாடுகிறார்கள் என்றேன். துடைத்துவிட்டு எழுதினார்: "எனக்கும் மொதல்ல இப்படித்தான் கம்முச்சி. கோஷம் போட்டதுல கட்டிக்கிச்சின்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து அதே பேச்சுதான். டாக்டரிடம் காட்டச் சொல்லு, காட்டச் சொல்லு. நான் எப்படிச் சொல்வேன், எந்தக் காரணம் காட்டுவேன்? நீங்கள் எப்படியாவது அவனை ஒரு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். உங்களை விட்டால் எனக்கு யாருமில்லை.

பணிவுடன்,
கமலவேணி

---

துலோன்
2.3.1989

அன்புள்ள கமலாவுக்கு,

மாமா ஆசீர்வாதம். முழங்கால் ஓய்வு பெற்றுவிட்டது, மற்றபடி நான் பணியில் இருக்கிறேன். அத்தை சுகம்.

அவனுக்குப் போன் செய்தேன். தொண்டையைக் காட்டடா என்றதும் சிரித்தான். மாமா, அது தொண்டையில் இல்லை, அடிவயிற்றில் மூச்சைப் பிடித்துச் செய்கிற வித்தை என்றான். செய்து காட்டு என்றேன். போனிலேயே செய்தான். பக்கத்தில் நின்ற உன் அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கும் கேசட் அனுப்பியிருக்கிறான். நான் அல்ஜீரியாவில் ஷெல் விழுந்து கேட்டவன், எனக்கே முதல் பாட்டுக்கு மேல் முடியவில்லை. ஆனால் பையன் நோயாளி இல்லை, அது எனக்கு நிச்சயம். அப்பாவிடம் அப்படியே சொல்லு.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் உன் அப்பாவுக்கு நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஃபைல் அக்டோபரில் முடியும் என்கிறார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்.

மாமா,
ஆதிமூலம்

---

லியோன்
20.3.1989

அன்புள்ள அக்காவுக்கு,

காசி. சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்லி மூன்று பேரும் என்னை விடவில்லை. பாவாடை மாமாவின் கருத்தைக் கேட்டு எங்கள் டிரம்ஸ்காரன் கண் கலங்கிவிட்டான். அவன் அப்பாவும் நெசவு மில்லாம். கன்னியம்மாளின் கருத்தை அடுத்த கேசட்டின் அட்டையில் அச்சடிக்கப் போகிறோம். ஒரு பத்திரிகையில் எழுதியவன் 'தாளம் தெரிந்தவர்கள், பாடகனுக்கு மட்டும் யாராவது தண்ணீர் கொடுக்கவும்' என்று எழுதியிருக்கிறான். அம்மாவாசையும் அவனும் ஒரே கட்சி.

ஆனால் அப்பா? "ஒன்றும் சொல்லவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அப்பா ஒன்றும் சொல்லாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? சாம்பாரில் உப்பு குறைந்தால் தெருமுனைக்குக் கேட்கும். வேண்டுமென்றேதான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு யோசனை. இதோடு வெறும் கேசட் ஒன்று வைத்திருக்கிறேன். டூ-இன்-ஒன்னில் போட்டு அப்பாவைப் பேச விடு. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பாட்டைக் கிழிக்கட்டும். கடைசியில் அந்தக் கோஷத்தை ஒரே ஒரு தரம் போடச் சொல்லு. "பஞ்சைத் தின்னது போதும் போதும்." அடுத்த கேசட் அவர் குரலில்தான் ஆரம்பிக்க வேண்டும். மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டேன், ஏமாற்றிவிடாதே.

மாமா என்னவோ டாக்டரைப் பார் என்கிறார். வயதாகிவிட்டது போலிருக்கிறது.

உன் தம்பி,
காசி

---

மூலக்குளம்
18.4.1989

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ அனுப்பிய வெறும் கேசட் கிடைத்தது. டூ-இன்-ஒன்னில் பதிகிற பட்டன் வேலை செய்யவில்லை. சின்னக்கண்ணுவிடம் கொடுத்திருக்கிறேன். அவன் கடையில் கூட்டம், எப்போது தருவான் என்று தெரியவில்லை. அப்பாவுக்கும் மிஷின் முன்னால் உட்கார்ந்து பேசக் கூச்சம். அதனால் அதை எதிர்பார்க்காதே, தம்பி. உன் ஆட்களிடமும் சொல்லிவிடு.

அப்பாவின் கருத்தை விடாமல் கேட்கிறாய். சரி, உள்ளதை எழுதுகிறேன். "இவன் தொண்டையில் ஏதோ இருக்கிறது, உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லு." இதுதான் அவர் கருத்து. கேசட்டைப் போடும்போதெல்லாம் இதேதான். நீ கிண்டலாக எடுத்துக்கொள்ளாதே. அவர் மனசாரத்தான் சொல்கிறார். அக்காவுக்காக ஒரு நடை டாக்டரிடம் போய் வந்துவிடு. என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுது. உன்னிடம் நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

அன்புடன்,
அக்கா

---

லியோன்
15.5.1989

அக்காவுக்கு,

சுகம்.

பத்திரிகைக்காரன் தண்ணீர் கொடுக்கச் சொன்னான், அம்மாவாசை சளி என்றார், சிரித்துக்கொண்டேன். அப்பா வியாதி என்றே சொல்லிவிட்டார். அவர் மில்லைப் பற்றி, அவரைப் பற்றி இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்த ஒன்றைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார். ஒரு நிமிஷம் பேசி அனுப்பக்கூட மனமில்லை, பட்டன் ரிப்பேராம்.

நீ வருத்தப்படாதே. இனிமேல் யாரிடமும் கருத்துக் கேட்கப் போவதில்லை.

காசிலிங்கம்

---

மூலக்குளம்
27.8.1989

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கமலவேணியின் வணக்கம். அத்தையையும் உங்களையும் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும்.

காசியிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. நான் போட்ட நாலு கடிதத்துக்கும் பதில் இல்லை. அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, என் பொய்யிலும் நியாயம் இருக்கிறது, நடுவில் நான் செத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்குக் கழுத்தில் மறுபடி கட்டி வந்துவிட்டது. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள் என்றார். கஞ்சிதான் இறங்குகிறது, அதுவும் சொட்டுச் சொட்டாக.

ஆனால் கேசட்டை நிறுத்த விடமாட்டேன் என்கிறார். தினம் காலையில் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். ஒன்றாம் பாட்டைவிட இரண்டில் கம்மல் அதிகமாம். ஆறாவது பாட்டில் ரொம்ப மோசமாம். வியாதி ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதுகிறார். ஆறு பாட்டும் இரண்டு நாளில் பதிந்ததுப்பா என்று சொன்னால் தலையை ஆட்டுகிறார். சந்திரகலாவின் குழந்தை அந்தச் சத்தத்தில் சுகமாகத் தூங்குகிறது, இவர் அழுகிறார். நான் எங்கே போய் நிற்பேன்?

காசி கேட்டானே என்று அப்பாவின் பழைய குரலைத் தேடியும் அலைந்தேன். சங்க ஆபீசில் கேட்டேன். பாவாடை மாமா, மற்ற மில்காரர்கள், உழவர்கரையில் மைக் செட் வைத்திருக்கிறவர் வரை கேட்டாயிற்று. இருபது வருஷம் கத்தியிருக்கிறார், ஒருத்தரும் பதிந்து வைக்கவில்லை. தினம் கேட்கிற குரலை யார் பதிவார்கள்?

நேற்று அப்பா தானாகவே எழுதினார்: "சத்தியம் போதும். நானே அவனுக்கு எழுதறேன்." நான் தடுக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

பணிவுடன்,
கமலவேணி

---

மூலக்குளம்
2.9.1989

சிரஞ்சீவி காசிலிங்கத்துக்கு அப்பா கோவிந்தராசு ஆசீர்வாதம்.

தம்பி, நீ கோபமா இருக்கியாம். இருந்துக்க. ஆனா இதைப் படி.

போன கார்த்திகையில எனக்குத் தொண்டையில ஆபரேஷன் பண்ணி கொரலை எடுத்துட்டாங்க. கேன்சர். அதான் நான் பேசி அனுப்பல. அக்கா மேல தப்பு இல்ல, நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். மொதல்ல எனக்கு கொரல் கம்முச்சி. கோஷம் போட்டதுன்னு எட்டு மாசம் சும்மா இருந்துட்டேன். எட்டு மாசம். நீ அப்படி இருக்காதே. உன் கொரல் என் கொரல் மாதிரியே ஆயிட்டுது. நான் தினமும் கேக்கறேன், எனக்குத் தெரியும்.

நீ வர வேணாம். காகிதம் முடியட்டும். டாக்டரைப் பாரு, அவ்வளவுதான் நான் கேக்கறது.

நாலாவது பாட்டு எங்க கோஷம். மொத நாளே தெரிஞ்சிது. ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சிது. அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன். நல்லாத்தான் இருக்குது. ஆனா தொண்டையைக் காட்டு.

அப்பா

---

லியோன்
19.9.1989

அப்பாவுக்கு,

காசி. என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை அப்பா. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறது, வீக்கம்கூட இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை இதோடு வைத்திருக்கிறேன். பிரெஞ்சில் இருக்கிறது, யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் குரல் வித்தை அப்பா, வியாதி இல்லை.

என் பாஸ்போர்ட் ஃபைலோடு ஆபீசில் மாட்டியிருக்கிறது. இரண்டு நாள் அங்கேயே நின்று கெஞ்சினேன். முப்பது நாள் ஆகும் என்கிறாள் ஒருத்தி, தெரியாது என்கிறாள் இன்னொருத்தி. என்னால் சுவரை உடைக்க முடியவில்லை. அப்பா, கடைசியாக எழுதின கடிதத்தில் உங்களைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். எனக்காகக் கொஞ்சம் இருங்கள்.

அக்கா, அப்பா நம்பினாரா என்று உடனே எழுது.

காசி

---

மூலக்குளம்
10.10.1989

அன்புள்ள தம்பிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பாவாடை மாமாவும் மில்காரர்களும்தான் தூக்கிப் போனார்கள், கொள்ளி வைக்கச் சித்தப்பா மகன் வந்தான். கூட்டம் நிறைய.

உன் டாக்டர் காகிதம் அப்பா இருக்கும்போதே வந்துவிட்டது. பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த குமாரவேல் ஐயா வந்து படித்துச் சொன்னார். அப்பா நம்பினார். நிம்மதியாகப் போனார். நீ எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

---

மூலக்குளம்
10.10.1989

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கமலவேணியின் வணக்கம். உங்கள் ஆறுதல் தந்தி கிடைத்தது. அத்தைக்கு மூச்சு இரைக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, இப்போது எப்படி இருக்கிறது?

காசிக்கு இன்றைக்கு ஒரு கடிதம் போட்டேன். அப்பா நம்பினார் என்று எழுதியிருக்கிறேன். உங்களிடம் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் நம்பவில்லை, மாமா.

குமாரவேல் ஐயா அந்தக் காகிதத்தை நிதானமாகப் படித்து, தமிழில் சொன்னார். அப்பா இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கை காட்டினார். இரண்டாம் தரம் காகிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலேட்டைக் கேட்டு எழுதினார்: "எனக்கும் இப்படித்தானே படிச்சிக் காட்டினே."

போன வருஷம் அவருக்கு முதலில் சோதனை செய்தபோது முடிவு இங்கிலீஷில் வந்தது. டாக்டர் உள்ளதைச் சொல்லச் சொன்னார். யார் வீட்டில் சொல்கிறார்கள்? நானும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா, சாதாரணப் புண்ணு, கரண்ட் வெச்சா ஆறிடும்னு எழுதியிருக்கு" என்று வரிவரியாகப் படித்தேன். இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு ஒப்புதல் கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்குக்கூட என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது நிஜம்ப்பா என்று அம்மா படத்தின் மேல் கை வைத்துச் சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? போகட்டும் விடு என்பதுபோல் என் கையைத் தட்டிக் கொடுத்தார். நான் சொல்லாத பொய்க்கு என்னை மன்னித்தார், மாமா. அதற்குப் பிறகு சிலேட்டைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார். மகனுக்கும் அதே வியாதி என்றுதான் போனார்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரிக்கு அவனோடு நீங்கள் போனீர்களா? டாக்டர் சொன்னதை உங்கள் காதால் கேட்டீர்களா? சாகக் கிடக்கிற அப்பாவுக்கு என்ன எழுதுவது என்று காசிக்கும் தெரியும், அவன் என் தம்பிதானே. நேற்று வீட்டில் யாரும் இல்லாதபோது ஆறாவது பாட்டைப் போட்டுக் கேட்டேன். முதல் பாட்டைவிடக் கம்மல் அதிகமாகத்தான் தெரிகிறது.

உண்மை எதுவோ அதை எழுதுங்கள். ஒன்றும் இல்லை என்று எழுதினால் நான் நம்புவேனா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

பணிவுடன்,
கமலவேணி